பதினேழாம் பன்றியின் கனவு

தூங்குவதற்குச் சம்பளம் வாங்கும் ஒரே பெண்மணி நான்தான் என்று என் கணவர் ஊரெல்லாம் சொல்லிவைத்திருந்தார். அதில் பாதி பொய். நான் தூங்குவதில்லை. தூக்கத்தின் வாசலில் ஒரு காலை உள்ளேயும் ஒரு காலை வெளியேயும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன், அவ்வளவுதான். அப்படி உட்காரத் தெரிந்தவர்கள் ரொம்பக் குறைவாம். என்னைப் பரிசோதித்து வேலைக்கு எடுத்த டாக்டர் தெய்வானை சொன்னது. பள்ளிக்கூடத்தில் வரலாற்று வகுப்பு முழுக்க நான் பழகியது இந்த வித்தையைத்தான் என்று எனக்கு அதுவரை தெரியாது.

எங்கள் ஆராய்ச்சிக்கூடம் மரக்காணம் பக்கத்தில், உப்பளங்களுக்கு நடுவே இருக்கிறது. காலையில் பாத்திகளில் தேங்கிய தண்ணீர் வானத்தை அப்படியே வாங்கி வைத்துக்கொள்ளும். மேலேயும் மேகம், கீழேயும் மேகம். நடுவில் எங்கள் கட்டடம் எதன்மேல் நிற்கிறது என்று சொல்ல முடியாது. அந்தப் பக்கம் கழுவெளிச் சதுப்பு நிலம். குளிர்காலத்தில் பூநாரைகள் வந்து ஒற்றைக் காலில் நின்றபடி கண்ணயரும். அவையும் என்னைப் போல அரைத் தூக்கக்காரர்கள் என்பதால் எனக்கு அவற்றின்மேல் தனிப் பிரியம்.

வேலையில் சேர்ந்த அன்று எனக்கு எல்லாவற்றையும் விளக்கியவன் எட்வின். லேசர் கருவியைக் கட்டியவன் அவன்தான். தூத்துக்குடிக்காரன். கையில் தேநீர் இல்லாமல் அவனுக்கு விளக்கம் வராது.

"கணையம் எங்க இருக்குன்னு தெரியுமாக்கா?"

"வயித்துல."

"இரைப்பைக்குப் பின்னாடி, முதுகெலும்புக்கு முன்னாடி. கூச்ச சுபாவம் அதுக்கு. யார் கண்ணுலயும் படாம ஒளிஞ்சு உக்காந்திருக்கும். அதுல புற்று வந்தா வெளிய தெரியறதுக்குள்ள காரியம் முடிஞ்சிருது. வெட்டி எடுக்கணும்னா வயித்தையே திறக்கணும். நாங்க திறக்கறதில்ல. தலைமுடி கனத்துல ஒரு கண்ணாடி இழை. வாய் வழியா உள்ள விட்டு, இரைப்பைச் சுவர்ல ஒரு ஊசிக்குத்து, அது வழியா நேரா கட்டிக்குள்ள. லேசரப் போட்டா கட்டி இருந்த இடத்துலயே வெந்துரும். மறுநாள் பன்னி எந்திச்சு தீவனம் கேக்கும்."

"அப்புறம் நான் எதுக்கு?"

"எங்க நிறுத்தணும்னு சொல்லறதுக்கு."

கட்டி எங்கே முடிகிறது, நல்ல சதை எங்கே தொடங்குகிறது என்பது எந்த ஸ்கேனிலும் சரியாகத் தெரியாதாம். கொஞ்சம் முன்னால் நிறுத்தினால் புற்று திரும்ப வரும். கொஞ்சம் தாண்டிப் போனால் ரத்தக்குழாய் வெந்துபோகும். ஆனால் அந்த எல்லை உடம்புக்குத் தெரியும். கணையத்தைச் சுற்றியிருக்கும் நரம்புகள் அதைச் சொல்லிக்கொண்டே இருக்கின்றன. லேசரைக் கொண்டுபோகும் அதே இழை, நரம்பு சொல்வதை வெளிச்சமாகத் திருப்பிக் கொண்டுவருகிறது.

"அத கம்ப்யூட்டர் படிச்சா வெறும் இரைச்சல்தாங்க்கா. இன்னொரு உடம்பு படிச்சாத்தான் அர்த்தமாகுது. அதான் உங்க வயித்துல ஒரு பட்டை ஒட்டி, உங்க நரம்பு வழியா அதக் கேக்க வைக்கோம். பன்னி மயக்கத்துல இருக்கும். நீங்க அரைத் தூக்கத்துல. கெட்டது வேகும்போது ஒண்ணும் தெரியாது. நல்லதுல சூடு பட்டா வலிக்கும். வலிச்சதும் விரலைத் தூக்குங்க."

"வலி எனக்கா?"

எட்வின் தேநீரைக் கீழே வைத்தான். "யாராவது ஒருத்தருக்கு வலிச்சாத்தான நிறுத்த முடியும்?"

அந்த வேலைக்கு 'கேட்பவர்' என்று பெயர். நாட்டில் அப்போது ஒரே ஒரு கேட்பவர்தான் உண்டு. பெருமையாகத்தான் இருந்தது.

பன்றிகளுக்குப் பெயர் வைக்கக் கூடாது என்பது டாக்டர் தெய்வானையின் சட்டம். எண் மட்டும்தான். டாக்டர் குள்ளமான உருவம், குரல் மட்டும் ஆறடி. முப்பது வருடமாகக் கால்நடை அறுவை மருத்துவர். "பேரு வெச்சா கை நடுங்கும். நடுங்கற கையோட நான் இந்த வேலையச் செய்ய முடியாது" என்பார். அவர் சொல்வது நியாயம்தான். இந்தப் பன்றிகளின் மரபணுவில் நோயை விதைத்ததே நாங்கள்தான். நோயைக் கொடுத்ததும் நாங்கள், குணப்படுத்துகிறோம் என்று பெருமை அடித்துக்கொள்வதும் நாங்கள். இதற்கு நடுவில் லட்சுமி, செல்லம் என்று கூப்பிட யாருக்கு வாய் வரும்?

இன்னொரு சட்டமும் உண்டு. லேசர் போட்ட பிறகு, இடைவெளி விட்டு மூன்று முறை நான் கேட்க வேண்டும். மூன்று முறையும் சுத்தமாக இருந்தால் அந்தப் பன்றி கழுவெளி ஓரத்துக் கொட்டிலுக்கு ஓய்வுக்குப் போகும். எங்காவது புற்று மிச்சம் இருந்தால் 'திறப்பு'. மருந்து கொடுத்து நிரந்தரமாகத் தூங்கவைத்து, உள்ளே பார்த்து, எங்கே தப்பு நடந்தது என்று தெரிந்துகொள்வது. பதினேழாம் பன்றிக்கு முன்னால் வந்தவற்றில் ஓய்வுக்குப் போனது ஒன்றுகூட இல்லை. நான் சேர்ந்த பிறகு ஒவ்வொரு தடவையும் "இன்னும் இருக்கு டாக்டர்" என்று சொன்ன வாய் என்னுடையது. சொல்லிவிட்டு உப்பளத்து வரப்பில் போய் உட்கார்ந்து அழுவேன். டாக்டர் என்னைத் தேடி வரமாட்டார். அவர் தன் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு அழுகிறார் என்று பின்னால்தான் தெரிந்தது.

வாசல் கேட்டில் எப்போதும் யாராவது நிற்பார்கள். யாரோ எங்கேயோ சொல்லக் கேட்டு, ஸ்கேன் படங்களை மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு வருவார்கள். "இங்க பன்னிக்கு மட்டும்தாங்க வைத்தியம்" என்பார் காவலர். ஆற்காட்டிலிருந்து வந்த ஒருவர், "என் சம்சாரத்தையும் பன்னின்னு நெனச்சுக்குங்களேன்" என்று கையெடுத்துக் கும்பிட்டார். அப்புறம் அவர் வரவே இல்லை.

பதினேழு வந்தபோது எங்கள் முறை நன்றாகத் தேறியிருந்தது. வெள்ளைப் பன்றி. ஒரு காதில் மட்டும் கறுப்பு, மைக் கறை மாதிரி. லேசர் போட்ட அன்று அதன் உறக்கத்துக்குள் நான் முதல் முறையாகப் போனேன்.

பன்றியின் கனவில் பார்ப்பதற்கு அதிகம் இருக்காது. எல்லாம் வாசனையும் சூடும்தான். தகரக் கூரையில் விழும் மழையின் வாசனை. வரிசையாகப் படுத்துப் பால் குடிக்கும் உடன்பிறப்புகளின் இளஞ்சூடு. முழங்கால் வரை வெதுவெதுப்பான சேறு. அந்தச் சேற்றுக்குள் எங்கோ ஒரு கூழாங்கல், சில்லென்று. அதுதான் கட்டி. புற்று எனக்கு எப்போதும் அப்படித்தான் தெரியும், சேற்றில் கிடக்கும் சில்லென்ற கல்லாக. எட்வின் லேசரை ஏற்ற ஏற்றக் கல் கரைந்தது. கடைசித் துணுக்கும் கரைந்த நொடியில் மேல்வயிற்றில் சுரீர் என்றது. விரலைத் தூக்கினேன். சேறு முழுக்க வெதுவெதுப்பாக இருந்தது. அவ்வளவு நிம்மதியான இடத்தில் நான் அதற்கு முன் இருந்ததில்லை.

அந்தக் கனவில் ஒரே ஒரு விஷயம் மட்டும் எனக்கு விளங்கவில்லை. மழை வாசனைக்கு அடியில் ஏதோ மெழுகு வாசனை அடித்தது. கொட்டில் கழுவும் மருந்தாக இருக்கும் என்று விட்டுவிட்டேன்.

அதற்குப் பிறகு பதினேழு என்னை எங்கே பார்த்தாலும் வந்து ஒட்டிக்கொள்ளும். கொட்டிலுக்குள் போனால் நேராக வந்து என் இடது விலாவுக்குக் கீழே மூக்கை வைத்து அழுத்தும். தள்ளிவிட்டால் மறுபடியும் அதே இடம். பைக்குள் வாழைப்பழம் வைத்திருந்தால்கூட அதைக் கவனிக்காது.

"உங்க மேல ரொம்பப் பாசம்க்கா" என்றான் எட்வின்.

"பாசமில்லடா. நான் பட்டினி கெடக்கறது அதுக்கு எப்படியோ தெரிஞ்சுபோச்சு."

கேட்பதற்கு முன் பன்றிக்கும் பட்டினி, எனக்கும் பட்டினி. இரண்டு வயிறும் ஒரே மாதிரி காலியாக இருக்க வேண்டும். அந்த வருடம் என் சுடிதார்கள் எல்லாம் தொளதொளவென்று ஆகிவிட்டன. "வேலையும் ஆச்சு, ஒடம்பும் எளைச்ச மாதிரி ஆச்சு" என்று வரதன் கிண்டல் செய்தார். வரதன்தான் என் கணவர். திண்டிவனத்தில் டிராயிங் மாஸ்டர். எந்நேரமும் விரலில் கிரேயான் ஒட்டியிருக்கும். அந்த விரலாலேயே என் கன்னத்தைத் தட்டி, எனக்குத் தெரியாமல் மீசை வரைந்துவிடுவார்.

முதல் இரண்டு கேட்புகளும் சுத்தம். சேறு, மழை, சூடு. டாக்டர் தெய்வானை வாழ்நாளில் முதல் முறையாகச் சிரித்தபடி நடந்துபோனதைக் காவலர்கூடப் பார்த்தார். மூன்றாவதும் சுத்தமாக இருந்துவிட்டால் பதினேழு ஓய்வுக்குப் போகும். அடுத்தது மனிதர்கள்தான். கேட்டில் மஞ்சள் பையோடு நிற்பவர்களை உள்ளே விடலாம்.

மூன்றாவது கேட்பு ஒரு புதன்கிழமை காலை. வெளியே பாத்திகளில் வெயில் மின்னிக்கொண்டிருந்தது. மேசையில் பதினேழு, பக்கத்துக் கட்டிலில் நான். நெற்றியில் பட்டை, வயிற்றில் பட்டை. வாசலைத் தாண்டி ஒரு காலை உள்ளே வைத்தேன்.

மழை பெய்துகொண்டிருந்தது. சேறு முழங்காலைக் கட்டிக்கொண்டது. நடந்தேன். இன்னும் கொஞ்சம் நடந்தேன். அப்போது பாதத்தில் பட்டது. சின்னதுதான். சில்லென்று.

கண்ணைத் திறந்தபோது டாக்டர் என் முகத்துக்கு நேராகக் குனிந்திருந்தார். "சொல்லு கோதை. சுத்தம்தான?"

என் வாழ்க்கையில் அதைவிட நீளமான ஒரு கணம் வந்ததில்லை. சுத்தம் என்று ஒரு வார்த்தை. அந்தக் கறுப்புக் காது பிழைத்துவிடும். ஆனால் அந்த வார்த்தையை நம்பித்தான் ஆற்காட்டுக்காரர்போல யாரோ ஒருவர் தன் மனைவியை அந்த மேசைமேல் படுக்க வைப்பார்.

"இருக்கு டாக்டர்" என்றேன். "ஒரு கல். சின்னதா."

ஸ்கேனில் ஒன்றுமே இல்லை. எட்வின் மூன்று கோணத்தில் எடுத்துப் பார்த்தான், கணையம் பளிங்குபோல இருந்தது. டாக்டர் படத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ஸ்கேனுக்குத் தெரியாதது உனக்குத் தெரியும்னுதான் உன்னை வெச்சிருக்கேன்" என்றார் கடைசியில். "இப்ப ஸ்கேன நம்பி உன்னை நம்பாம விட்டா, நாம இத்தனை நாள் செஞ்சதுக்கு அர்த்தமே இல்ல. வெள்ளிக்கிழமை திறப்பு."

அவருடைய குரல் ஆறடியிலிருந்து இரண்டடிக்கு இறங்கியிருந்தது.

நான் கொட்டிலுக்குப் போனேன். மயக்கம் தெளிந்து தள்ளாடி எழுந்த பதினேழு, கால் நிலைகொள்வதற்கு முன்பே என்னிடம் வந்து விலாவுக்குக் கீழே மூக்கை வைத்தது. இந்த முறை நான் தள்ளிவிடவில்லை. "நான்தான் உன்னைக் காட்டிக் குடுத்துட்டேன்" என்று அதன் காதில் சொன்னேன். எனக்குக் குற்ற உணர்ச்சி தாங்கவில்லை. அதுவோ மூக்கை எடுப்பதாக இல்லை.

வீட்டில் வரதனிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். அவர் பள்ளிப் பிள்ளைகளின் ஓவியங்களுக்கு மார்க் போட்டுக்கொண்டிருந்தார். நான் அழுது முடிக்கும்வரை நிமிரவில்லை.

"தப்பா கேட்டிருக்க மாட்டியா?"

"இல்லீங்க. கால்ல பட்டுச்சு."

"அப்ப இன்னொரு தடவ கேளேன். எங்க பசங்க படம் ஒண்ணு வெளங்கலன்னா நான் தலைகீழா திருப்பிப் பாப்பேன். பாதி நேரம் நான்தான் தப்பாப் புடிச்சிருப்பேன்."

மறுநாள் காலை எட்வினைக் கேன்டீனில் பிடித்தேன். திரும்பக் கேட்க வேண்டும் என்றேன். பன்றியை அடுத்தடுத்த நாளில் மயக்க முடியாது என்றான். "கனவையாவது ஒருக்கா ஒழுங்காச் சொல்லுங்க, கேப்போம்" என்று தேநீரோடு உட்கார்ந்தான்.

சொன்னேன். மழை, சேறு, கல். கல் ஒரே இடத்தில் கிடக்கவில்லை, லேசாக ஏறி இறங்கிக்கொண்டிருந்தது என்றேன். அலையில் மிதப்பதுபோல.

எட்வின் வாய்க்குக் கொண்டுபோன தம்ளரை அப்படியே நிறுத்தினான். "ஏறி எறங்குச்சா? மெதுவாவா, வேகமாவா?"

"நம்ம மூச்சு மாதிரி. சாதாரணமா."

"பன்னிக்கு மூச்சு மெஷின்ல போகுதுக்கா. ஒரு இழுப்புக்கும் அடுத்த இழுப்புக்கும் நடுவுல ஒரு பாட்டே பாடிரலாம். அதோட கணையத்துல இருக்கற கல்லு அதோட மூச்சுக்குத்தான ஏறி எறங்கணும்?"

நான் அவனைப் பார்த்தேன். அவன் என் வயிற்றைப் பார்த்துவிட்டு, சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். ஒவ்வொரு கேட்புக்கு முன்னாலும் 'வெற்று வாசிப்பு' என்று ஒன்று எடுக்க வேண்டும் என்பது விதி. எந்தப் பன்றியோடும் இணைக்காமல், என்னை மட்டும் படுக்கவைத்து என் உடம்பு சொல்வதைப் பதிவுசெய்வது. அப்புறம் கேட்பதிலிருந்து அதைக் கழித்துவிட்டால் மிச்சம் பன்றியுடையது. முதல் சில முறை ஒழுங்காக எடுத்தோம். ஆனால் வெற்று வாசிப்பு முடிய ஒரு காலைப்பொழுது போய்விடும். அதுவரை பட்டினியோடு பக்கத்து அறையில் காத்திருக்கும் பன்றி போடும் கூச்சல் கேட்கச் சகிக்காது. பாவம், சாகப்போகிற பிராணியை எதற்கு இப்படிப் பசியில் வதைக்க வேண்டும் என்று எங்கள் மூவருக்குமே தோன்றியது. பழைய வாசிப்பு ஒன்று கையில் இருந்தது. ஆள் நான்தானே, நான் என்ன மாறியா போகப்போகிறேன்? அதையே திரும்பத் திரும்பப் பயன்படுத்தினோம். பன்றியின் மேல் இரக்கப்பட்டுச் செய்தது.

"இன்னைக்கு ஒரு வெத்து வாசிப்பு எடுத்துரலாமாக்கா?" என்றான் எட்வின். அவன் குரல் மிகவும் மென்மையாக இருந்தது. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

கட்டிலில் படுத்தேன். பக்கத்து மேசை காலி. ஒரு காலை உள்ளே வைத்தேன்.

யாருடைய கனவும் இல்லாத இடம் அது. மழை இல்லை, சேறு இல்லை. காலையில் எங்கள் உப்பளம் இருக்குமே, அதுபோல, மேலும் கீழும் வெறும் வெளிச்சம். அந்த வெளிச்சத்தின் நடுவில் கல் இருந்தது. நான் மூச்சு இழுத்தால் ஏறியது. விட்டால் இறங்கியது.

சத்தியமாகச் சொல்கிறேன், எனக்கு முதலில் வந்தது சந்தோஷம். பதினேழு பிழைத்துவிட்டது. அதற்குப் பிறகுதான் அந்தக் கல் என்னுடையது என்று உறைத்தது. வரதனை நினைத்தேன். அவருக்குச் சாதம் வடிக்கக்கூடத் தெரியாது. அழுகை வந்தது. கண்ணைத் திறந்தபோது டாக்டர் தெய்வானை என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். நடுங்கியது அவருடைய கை.

"ஒரு வருஷமா அது உன் விலாவை முட்டிக்கிட்டே இருந்துதே" என்றார். "நான் பாத்துக்கிட்டேதான இருந்தேன். டாக்டராம் டாக்டர்."

சென்னையில் பெரிய மருத்துவமனையில் காட்டினோம். அறுவை நிபுணர் படங்களை வெகுநேரம் பார்த்தார். கட்டி சின்னதுதான், ஆனால் முக்கியமான ரத்தக்குழாயைக் கட்டிப்பிடித்துக்கொண்டிருக்கிறது, கத்தி வைக்க முடியாது என்றார். இவ்வளவு சீக்கிரம் இதை யார் கண்டுபிடித்தது என்று கேட்டார். "ஒரு பன்னி சார்" என்றார் வரதன். நிபுணர் சிரித்தார். நாங்கள் சிரிக்கவில்லை.

மிச்சமிருந்த வழி எங்களுடையதுதான். டாக்டர் தெய்வானை அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கி, எனக்கு லேசர் போட அனுமதி வாங்கி வந்தார். முகத்தில் வெற்றி இல்லை.

"எல்லாம் சரி. யார் கேக்கறது?" என்றேன்.

நாட்டில் ஒரே ஒரு கேட்பவர்தான். அந்த ஒருவர் மேசையில் படுத்திருக்கப் போகிறார். இன்னொருவரைத் தேடிப் பழக்க ஒரு வருடம் ஆகும். என் கல்லுக்கு அவ்வளவு பொறுமை கிடையாது. கேட்பவர் இல்லாமலே போட்டுவிடலாமா என்றேன்.

"மொத மூணு பன்னிக்கு அப்படித்தாங்க்கா போட்டோம்" என்றான் எட்வின். "அதுக என்னாச்சுன்னு உங்களுக்கே தெரியும்லா."

டாக்டர் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு சொன்னார். "உன் உடம்பைக் கேக்கப் பழகின ஒரு உசுரு இருக்கு."

அவர் பதினேழைச் சொல்கிறார் என்று புரிந்தது.

"கண்ணாடி இழைக்கு ஒருவழிப் பாதை கிடையாதுக்கா" என்றான் எட்வின். "ஜன்னல் வழியா நீங்க ஒருத்தரப் பாத்தா, அவங்களும் உங்களப் பாக்கலாம்லா. நீங்க அதக் கேட்ட நேரமெல்லாம் அதுவும் உங்களக் கேட்டுருக்கு. அதுக்கு விரலைத் தூக்கத் தெரியாது. ஆனா வலிச்சா காது துடிக்கும். அந்தக் கறுப்புக் காது. அதப் பாத்து நான் நிறுத்திருவேன்."

"வலிச்சா" என்றேன். "அதுக்கு வலிக்கும்."

"நீ பட்ட வலிதான்" என்றார் டாக்டர்.

"நான் சரின்னு சொல்லிப் பட்டேன் டாக்டர். அதை யாரு கேட்டா? நோயைக் குடுத்தோம், வெட்டலாமா வேணாமான்னு நாமளே பேசி முடிச்சோம். மூணு தடவ சுத்தமா வந்து ஓய்வுக்குப் போகவேண்டியதை, இன்னும் ஒரே ஒரு வேலை பாக்கின்னு திரும்பவும் கட்டிப்போடச் சொல்றீங்களா?"

என்னோடு வந்திருந்த வரதன் என்னைக் கெஞ்சும் பார்வை பார்த்தார். நான் வாழ வேண்டும் என்று அவருக்கு ஆசை. எனக்கும்தான், கொள்ளை ஆசை. அதை மறைத்து என்ன பயன்?

கடைசியில் நான் ஒரு நிபந்தனை போட்டேன். பதினேழைக் கழுவெளிக் கொட்டிலுக்கு அனுப்பிவிட வேண்டும். குறித்த நாளன்று கொட்டில் கதவையும் எங்கள் அறைக் கதவையும் திறந்து வைப்போம். கயிறு கூடாது, தீவனம் காட்டக் கூடாது, யாரும் கூப்பிடக் கூடாது. வந்தால் வரட்டும்.

"வரலைன்னா?" என்றார் வரதன்.

"வரலைன்னா அதோட இஷ்டம்."

இதைச் சொல்லும்போது எனக்குத் தைரியமாக இருந்தது என்று நினைத்துவிட வேண்டாம்.

அந்தக் காலையில் பனி இறங்கியிருந்தது. உப்புக் குவியல்கள் மேகத்தோடு மேகமாகக் கரைந்து, வரப்பு மட்டும் ஒரு கோடாகத் தெரிந்தது. என் மணிக்கட்டில் எட்வின் அடையாளப் பட்டை கட்டினான். 'மனிதர் ஒன்று' என்று அச்சடித்திருந்தது. அதை அடித்துவிட்டுப் பதினெட்டு என்று எழுதச் சொன்னேன். டாக்டர் மறுக்கவில்லை. தன் பேனாவை எடுத்துத் தானே எழுதினார்.

காத்திருந்தோம். வெயில் ஏறத் தொடங்கியது. எட்வின் தேநீர்கூடக் குடிக்காமல் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தான். வரதன் என் பக்கம் திரும்பவே இல்லை. இனி வராது என்று நான் மனதைத் தேற்றிக்கொள்ள ஆரம்பித்திருந்தேன்.

வரப்பின் கோட்டில் முதலில் தெரிந்தது ஒரு கறுப்புக் காது. அவசரமே இல்லாமல் வந்தது. வழியில் நின்று ஏதோ புல்லை முகர்ந்தது. பூநாரைக் கூட்டத்தைப் பார்த்துக் கொஞ்சம் யோசித்தது. பிறகு படியேறி உள்ளே வந்து, என் கட்டிலுக்கு அருகில், விலாவில் மூக்குப் படும் தூரத்தில், தொப்பென்று படுத்துக்கொண்டது.

வரதன் சுவர்ப் பக்கம் திரும்பி விசும்பினார். எட்வின் குனிந்து அதன் வயிற்றில் பட்டையை ஒட்டினான்.

மயக்க மருந்து ஏறியது. இந்த முறை வாசலில் உட்கார முடியவில்லை, முழுசாக உள்ளே விழுந்தேன். மழை பெய்துகொண்டிருந்தது. அதே சேறு, அதே வெதுவெதுப்பு. என் பக்கத்தில் கனமாக யாரோ படுத்திருந்தார்கள். கல் கரைந்துகொண்டிருந்தது. எங்கோ ஒரு காது துடித்தது, என் வலி அங்கே போய் இறங்கியது. 'போதும், போதும்' என்று நான் கத்தினேனா, நினைத்தேனா, தெரியாது. அந்த நேரத்தில் மழை வாசனைக்கு அடியிலிருந்து அந்த மெழுகு வாசனை எழுந்தது.

கிரேயான். எங்கள் வீட்டுக் கூடம். சிதறிக் கிடக்கும் பிள்ளைகளின் ஓவியங்கள். என் கன்னத்தில் வரதனின் விரல்.

அதன் கனவுக்குள் நான் போய்வருவதாக அத்தனை நாளும் நினைத்திருந்தேன். அதற்கு அந்தச் சேறும் மழையும் எவ்வளவு நிம்மதியோ, என் வீடும் அவ்வளவு நிம்மதியாக இருந்திருக்கிறது. பட்டினி கிடந்த காலைகளில், திறப்புக்குப் பயந்து நான் அதைக் கேட்டுக்கொண்டிருந்த நேரமெல்லாம், அது எங்கள் வீட்டுக் கூடத்தில் படுத்து இளைப்பாறியிருக்கிறது.

கண் விழித்ததும் பதினேழு எங்கே என்றுதான் கேட்டேன். "தூங்குதுக்கா" என்றான் எட்வின். "காது துடிச்ச ஒடனே நிறுத்திட்டேன். சத்தியமா."

இதெல்லாம் நடந்து மாதங்கள் ஆகிவிட்டன. சட்டம் எல்லாருக்கும் ஒன்றுதான். எனக்கும் மூன்று முறை கேட்க வேண்டும். இரண்டு முறை கதவைத் திறந்து வைத்தோம், இரண்டு முறையும் வரப்பு வழியாகத் தானாகவே வந்து படுத்துக்கொண்டது. கல் தட்டுப்பட்டாலும் அந்தக் காது துடிக்கும் என்றிருந்தான் எட்வின்; துடிக்கவில்லை. ஆனால் மூன்றாவது முறையில் என்னவும் நடக்கலாம் என்று எனக்குத்தான் நன்றாகத் தெரியும். நாளைக்கு அந்த மூன்றாவது முறை. வரதன் இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை. டாக்டர் தெய்வானை வாசல் காவலரிடம் காரணமில்லாமல் எரிந்து விழுகிறார்.

இன்று மாலை நான் மட்டும் கழுவெளிப் பக்கம் நடந்துபோனேன். பதினேழு சேற்றிலிருந்து எழுந்து, சொட்டச் சொட்ட என்னிடம் வந்தது. விலாவுக்குக் கீழே, அதே இடத்தில், மூக்கை வைத்தது. நான் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றேன். முகர்ந்தது. இன்னொரு முறை முகர்ந்தது. அப்புறம் அங்கே தனக்கு ஒரு வேலையும் இல்லை என்பதுபோல மூக்கை எடுத்து, என் பைக்குள் விட்டு, வாழைப்பழத்தைத் தேடியது.